அப்பத்தா சிரித்த படமும் பழுதான ஹார்டு டிஸ்க்கும்

திரையில் இரண்டே வரிகள்தான். 'இந்த டிரைவைப் பயன்படுத்த வேண்டுமானால் முதலில் பார்மட் செய்ய வேண்டும். செய்யலாமா?' கீழே இரண்டு பட்டன்கள். பார்மட் பட்டன் மட்டும் நீல விளிம்போடு முன்னால் வந்து நின்றது.

திண்டுக்கல் பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஒரு கட்டடத்தின் மாடியில் இருக்கிறது அந்த ஸ்டூடியோ. உரிமையாளருக்கு நாற்பத்தைந்து வயது. இருபது வருடங்களாகக் கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என்று சுற்றுவட்டாரம் முழுக்கப் படம் எடுத்துக்கொண்டிருப்பவர். அவர் விரல் மௌஸின் மேல் இருந்தது. தட்டவில்லை.

"குயிக் பார்மட்தானே அண்ணே, ஒரு செகண்டுல முடிஞ்சிடும். அப்புறம் ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டு எடுத்துக்கலாம்" என்றான் உதவிக்கு இருக்கும் பையன்.

"கையை எடு" என்றார் அவர். சொன்னது பையனிடம். எடுத்தது தன் கையை.

அந்த ஹார்டு டிஸ்க்கில் ஒரு கிழவி சிரித்துக்கொண்டிருந்தாள். அதுதான் விஷயம்.

போன மாதம் ஒட்டன்சத்திரத்தில் ஒரு கல்யாணம். பெண்ணின் அப்பா காய்கறி மண்டிக்காரர். மணப்பெண்ணின் அப்பத்தாவுக்கு எண்பதைத் தாண்டிய வயது. கேமராவைப் பார்த்தாலே முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொள்ளும் ரகம். கல்யாணத்தன்று சாயங்கால வரவேற்பில், பேத்தி குனிந்து காதில் எதையோ சொல்ல, கிழவி பொக்கை வாயைத் திறந்து அப்படி ஒரு சிரிப்பு சிரித்தாள். பேத்தியின் கையை இறுக்கிப் பிடித்தபடி. ஸ்டூடியோக்காரர் அந்த நொடியைப் பிடித்துவிட்டார். கேமராவின் பின் திரையில் காட்டியபோது மண்டிக்காரரே அசந்துபோனார். "எங்கம்மா சிரிச்சு நானே இப்பத்தான் பாக்குறேன் தம்பி."

மூன்று வாரத்தில் அப்பத்தா போய்ச் சேர்ந்தார். மறுநாள் இரவு மண்டிக்காரரிடமிருந்து போன்.

"தம்பி, பதினாறாம் நாளுக்குப் பெருசா பிரேம் போடணும். அந்தச் சிரிச்ச படத்தைப் போட்டுக் குடு. வேற எந்தப் படத்துலயும் எங்கம்மா மூஞ்சி எங்கம்மா மாதிரி இல்லை."

"ரெடி பண்ணிடறேங்கய்யா" என்று சொல்லிவிட்டு, காலையில் டிஸ்க்கை மாட்டினார். வந்தது அந்த இரண்டு வரி.

பையன் தலையைச் சொறிந்தான். போன வாரம் ஒரு வளைகாப்புப் படங்களைக் காப்பி செய்துகொண்டிருந்தபோது கரண்ட் போனதாம். யு.பி.எஸ். நாலு முறை கத்திவிட்டு அணைந்துவிட்டதாம். பேட்டரி வாங்கி நாலு வருடம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு அந்த டிஸ்க்கை யாரும் தொடவில்லை. கல்யாணப் படங்கள் இருந்த மெமரி கார்டுகள்? அடுத்த கல்யாணத்துக்காக எப்போதோ அழித்தாயிற்று. உலகத்தில் அந்தச் சிரிப்பு இருந்த ஒரே இடம் அந்த டிஸ்க்தான்.

ஒரு முறை பட்டவர்

அவர் பட்டனைத் தட்டாமல் கையை எடுத்ததற்குக் காரணம் புத்திசாலித்தனம் இல்லை. பழைய காயம்.

2012-ஐ நினைவிருப்பவர்களுக்குத் தெரியும். சென்னையைத் தவிர்த்த தமிழ்நாட்டில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு. திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறைகளும், சின்னாளபட்டியில் தறிகளும், நூல் மில்களும் கரண்ட் வரும் நேரம் பார்த்து ஓடிக்கொண்டிருந்த காலம். ஸ்டூடியோ கம்ப்யூட்டரும் அப்படித்தான் ஓடியது. ஒருநாள் அதை ஆன் செய்ததும், 'டிஸ்க்கைச் சோதிக்க வேண்டும். வேண்டாமென்றால் சில விநாடிக்குள் ஏதாவது ஒரு பட்டனைத் தட்டுங்கள்' என்று ஒரு திரை வந்தது. நல்லதுதானே செய்கிறது என்று டீ குடிக்கப் போய்விட்டார். திரும்பி வந்தபோது கம்ப்யூட்டர் பிரமாதமாக ஓடியது. ஒரு காதுகுத்து விழாவின் படங்களை மட்டும் காணோம். அதற்குப் பதிலாக 'ஃபவுண்ட் 000' என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் பெயரும் இல்லாமல், திறக்கவும் முடியாமல் நூற்றுக்கணக்கான துண்டுகள். அந்தக் குடும்பத்திடம் வாங்கிய பேச்சு இன்னும் காதில் இருக்கிறது.

அதனால் இந்த முறை டிஸ்க்கைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். வைத்ததும் யோசனைகள் வர ஆரம்பித்தன. சென்னையில் ஐ.டி.யில் இருக்கும் மச்சான் போனில், "செக்டிஸ்க் ஸ்லாஷ் எஃப் குடுங்க மாமா, சரியாயிடும்" என்றார். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர், பிளாஸ்டிக் பையில் சுற்றி ஃப்ரிட்ஜில் ஒரு ராத்திரி வைக்கச் சொன்னார். பையன் இன்னும் பார்மட்டை விடவில்லை. வீட்டம்மாதான், "நாகல் நகர் அண்ணன்கிட்டக் குடுங்க. அவரு அவசரப்பட மாட்டாரு" என்றார்.

"என்ன பண்ணீங்க?"

நாகல் நகர் அண்ணனுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். அவருடைய அப்பா பூட்டுக்காரர். கையாலேயே நெம்புகோல் வெட்டி, அரம் போட்டு ராவி, சாவி பொருத்திய தலைமுறை. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, அதைப் பார்க்க அப்பா இல்லையே என்று அண்ணன் வருத்தப்பட்டிருக்கிறார். கடைக் கல்லாவில் இன்னமும் தொங்குவது அப்பா செய்த மாங்காய்ப் பூட்டு.

டிஸ்க்கை வாங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன ஆச்சு?" இல்லை. "என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலைண்ணே. அப்படியே கொண்டுவந்துட்டேன்."

"நீங்க பண்ணதுலயே நல்ல காரியம் அதுதான் தம்பி."

டிஸ்க்கை மாட்டி, காதருகில் வைத்துக் கேட்டார். சீரான சுழற்சி. 'டக் டக்' சத்தம் இல்லை. "இந்தச் சத்தம் கேட்டிருந்தா நான் தொட்டிருக்க மாட்டேன். உடனே கரண்டை எடுத்துட்டு, தூசி இல்லாத அறையில டிஸ்க்கைத் திறந்து பாக்குறவங்ககிட்டத்தான் அனுப்பணும். ஃப்ரிட்ஜுல வெச்சா உள்ளே ஈரம் கோத்துக்கும், அவ்வளவுதான்."

அடுத்து டிஸ்க்கின் உடல்நிலையைப் பார்த்தார். ஒவ்வொரு ஹார்டு டிஸ்க்கும் தன்னைப் பற்றித் தானே ஒரு குறிப்பு எழுதிக்கொண்டே இருக்கும். எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை இடங்கள் கெட்டுப்போயின, எத்தனை இடங்களைப் படிக்க முடியாமல் நிலுவையில் வைத்திருக்கிறது என்றெல்லாம். அதற்கு ஸ்மார்ட் என்று பெயர். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள் அதை வாசித்துக் காட்டும். இந்த டிஸ்க்கில் நிலுவைக் கணக்கு பூஜ்யமாக இல்லை.

"ரெண்டு நோவு இருக்கு. கணக்கும் குழம்பியிருக்கு, டிஸ்க்கும் கொஞ்சம் கெட்டிருக்கு. முதல்ல ஒரு புது டிஸ்க் வாங்கிட்டு வாங்க. இதைவிடச் சின்னதா இருக்கக் கூடாது."

"இதுலயே சரி பண்ண முடியாதாண்ணே?" செலவை நினைத்துத்தான் கேட்டார்.

"சரி பண்ண முடியும். தப்பா சரி பண்ணிட்டா, திரும்பி வர முடியாது."

சொல்லத்தான் வேண்டும்

புது டிஸ்க் வாங்கக் கடைக்குப் போகும் வழியில் ஸ்டூடியோக்காரர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். மண்டிக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை. படம் கிடைத்துவிட்டால் சொல்லவே வேண்டியதில்லை. கிடைக்காவிட்டால்? பதினாறாம் நாளுக்கு முதல் நாள் போய் நிற்பதா?

போனை எடுத்துச் சொல்லிவிட்டார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு சத்தம் மட்டுமே இருந்தது. துக்க வீட்டுக்காரரின் கோபம். அதற்குப் பதில் சொல்ல முடியாது. சொல்லவும் கூடாது. கடைசியில், "எங்க இருக்க? நான் வர்றேன்" என்றார்.

ஒரு மணி நேரத்தில் நாகல் நகர் கடையில் வந்து உட்கார்ந்தார். மழிக்காத தாடி, தோளில் துண்டு. "எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. எங்கம்மா படம் உள்ள இருக்கா, இல்லையா?"

அண்ணன் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஐயா, உங்க மண்டியில யார் சரக்கு, எத்தனை மூட்டை, குடோன்ல எந்த வரிசையில கிடக்குன்னு எப்படித் தெரிஞ்சுக்குவீங்க?"

"பேரேட்டைப் பாத்து."

"டிஸ்க்கும் ஒரு குடோன்தான். படம் எல்லாம் மூட்டை. எந்தப் படம் எந்த மூலையில இருக்குன்னு எழுதி வெச்சிருக்கிற பேரேட்டைத்தான் ஃபைல் சிஸ்டம்னு சொல்றோம். இப்பக் கெட்டது பேரேடு. மூட்டை பெரும்பாலும் அங்கேயேதான் கிடக்கு."

மண்டிக்காரர் முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இந்தப் பேரேட்டு முறை பழையது. மைக்ரோசாஃப்டின் ஃபேட் முறை 1977-ல் பிறந்தது. இன்றும் பல பென் டிரைவ்களில் அதன் வாரிசுகள்தான். விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் இப்போதிருக்கும் என்.டி.எஃப்.எஸ். முறை 1993-ல் விண்டோஸ் என்.டி.யோடு வந்தது. அதில் ஒரு கூடுதல் பாதுகாப்பு உண்டு. பேரேட்டில் எழுதுவதற்கு முன், 'இன்ன மாற்றம் செய்யப் போகிறேன்' என்று தனியாக ஒரு சிட்டையில் குறித்துக்கொள்ளும். பாதியில் கரண்ட் போனால், அடுத்த முறை சிட்டையைப் பார்த்து அரைகுறை வேலையை முடிக்கும் அல்லது ரத்து செய்யும்.

"அப்ப சிட்டை இருந்துமா கெட்டுப்போச்சு?" மண்டிக்காரர் பிடித்துக்கொண்டார்.

"சிட்டை, எழுத்துப் பிழையிலிருந்துதான் காப்பாத்தும். பேரேட்டுத் தாளே கிழிஞ்சா அது என்ன செய்யும்? அதோட, சிட்டையில பேரேட்டு மாற்றத்தைத்தான் எழுதும். மூட்டைக்குள்ள இருக்கிற வெங்காயத்தை இல்லை."

கணக்கப்பிள்ளையின் வேலை

"பார்மட்டுன்னா என்ன?" இதைக் கேட்டது ஸ்டூடியோ பையன்.

"பழைய பேரேட்டைத் தூக்கிப் போட்டுட்டு, வெள்ளைப் பேரேடு வைக்கிறது. குடோன் காலின்னு அதுல எழுதியிருக்கும். மூட்டை உள்ளதான் இருக்கும். ஆனா அடுத்து வர்ற லாரிக்காரன் காலி இடம்னு நெனச்சு, அது மேலயே சரக்கை இறக்கிடுவான். அதுவும் குயிக் பார்மட்டா இருந்தாத்தான். குயிக்குங்கிற டிக்கை எடுத்துட்டீங்கன்னா, விண்டோஸ் விஸ்டா காலத்துல இருந்து, டிஸ்க் முழுக்கப் பூஜ்யம் எழுதிடும். மூட்டையையும் சேத்துக் கொளுத்தற மாதிரி."

"செக்டிஸ்க்?" இது ஸ்டூடியோக்காரர். 2012-லிருந்து சுமக்கும் கேள்வி.

"அது நல்ல கணக்கப்பிள்ளை. ஆனா அவருக்குக் கொடுத்த வேலை என்ன? பேரேடு முன்னுக்குப் பின் முரண் இல்லாம இருக்கணும். அவ்வளவுதான். பொருந்தாத வரியை அடிப்பாரு. பேர் தெரியாத மூட்டையைப் பிரிச்சு ஒரு மூலையில போட்டுட்டுப் போவாரு. கணக்கு நேராகும். உங்க சரக்கு முழுசா வந்துச்சான்னு பாக்குறது அவர் வேலை இல்லை."

பழுதுபார்ப்பு என்ற சொல்லைக் கேட்டதும் நாம் நினைப்பது ஒன்று. அந்த மென்பொருள் செய்வது வேறொன்று. நாம் படங்களைக் காப்பாற்ற நினைக்கிறோம். அது ஃபைல் சிஸ்டத்தைக் காப்பாற்ற நினைக்கிறது. பெரும்பாலான நாட்களில் இரண்டும் ஒன்றுதான். பழுது பெரிதாக இருக்கும் நாளில் இரண்டும் பிரிந்துவிடுகின்றன. விண்டோஸின் செக்டிஸ்க் மட்டுமல்ல, லினக்ஸின் எஃப்.எஸ்.சி.கே., ஆப்பிளின் ஃபர்ஸ்ட் எய்டு எல்லாமே இந்த வகைதான். அவை டிஸ்க்கின் மேலேயே திருத்தி எழுதுகின்றன. எழுதியதை 'வேண்டாம்' என்று திரும்பப் பெற வழக்கமாக வழி கிடையாது.

"எங்கப்பா சொல்லுவாரு" என்றார் அண்ணன். "சாவி சிக்கிக்கிச்சுன்னா முதல்ல கையை எடு. நெம்பினா சாவியும் போயிடும், பூட்டும் போயிடும்னு. அதனால நாம இந்த டிஸ்க்கைத் திருத்தப் போறதே இல்லை. இதுக்கு ஒரு நகல் எடுப்போம். திருத்தறதெல்லாம் நகல்ல. நகல் கெட்டா இன்னொரு நகல். அசல் அப்படியே இருக்கும்."

மண்டிக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "செய்ங்க" என்றார்.

ஒரு ராத்திரி

சாதாரணமாகக் காப்பி செய்தால், படிக்க முடியாத இடம் வந்ததும் கம்ப்யூட்டர் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும். கெட்ட டிஸ்க்குக்கு அதுவே எமன். இதற்கென்றே ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. பெயர் டிடிரெஸ்க்யூ. அந்தோனியோ தியாஸ் தியாஸ் என்பவர் எழுதியது. அது முதலில் நல்ல இடங்களை எல்லாம் விறுவிறுவென்று அள்ளிக்கொள்ளும். கெட்ட இடம் வந்தால் குறித்துவைத்துவிட்டுத் தாண்டிப் போகும். கடைசியில்தான் திரும்பி வந்து, கெட்ட இடங்களை ஒவ்வொன்றாக, பொறுமையாக முயன்று பார்க்கும். எதுவரை முடித்தது என்பதை ஒரு குறிப்பில் எழுதிக்கொண்டே போவதால், பாதியில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

அண்ணன் ஒரு பென் டிரைவிலிருந்து லினக்ஸைக் கிளப்பினார். விண்டோஸில் மாட்டினால் அது தன் பங்குக்கு டிஸ்க்கில் எதையாவது எழுதப் பார்க்கும் என்பதால். எது பழைய டிஸ்க், எது புது டிஸ்க் என்று மூன்று முறை சரிபார்த்தார். இங்கே ஒரு எழுத்து மாறினால், வெற்று டிஸ்க்கை நகலெடுத்துப் படங்களின் மேல் எழுதிவிடும். பழைய டிஸ்க்கின் மேல் சிவப்பு மையில் 'இதில் எழுதாதே' என்று ஒரு சீட்டு ஒட்டினார். கட்டளையைத் தட்டிவிட்டு, "இனி அதுபாட்டுக்கு ஓடட்டும். இரண்டு டிபி. ராத்திரி பூரா ஆகும்" என்றார்.

மண்டிக்காரர் ஊருக்குத் திரும்பினார். ஸ்டூடியோக்காரர் போகவில்லை. இரவு இரண்டு மணி சுமாருக்குத் தெருவே இருண்டது. கடையில் இன்வெர்ட்டர் 'க்ளிக்' என்றது. திரையில் எண்கள் நிற்காமல் ஓடின. அப்போதுதான் மூச்சு விட்டார்.

காலையில் கணக்குப் பார்த்தபோது, இரண்டு டிபியில் படிக்க முடியாமல் போனது ஒரு எம்.பி.கூட இல்லை. கேட்பதற்குச் சின்ன அளவுதான். ஆனால் அந்தத் துளி எங்கே விழுந்திருக்கிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

பழைய டிஸ்க்கைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, இனி நகலில் வேலை. முதலில் டெஸ்ட்டிஸ்க். கிறிஸ்தோஃப் கிரனியே என்பவர் எழுதிய இலவச மென்பொருள். என்.டி.எஃப்.எஸ். டிஸ்க்கின் முதல் பக்கத்தில், அதாவது பூட் செக்டாரில், பேரேடு எங்கே ஆரம்பிக்கிறது என்ற விவரம் இருக்கும். அது கெட்டால் விண்டோஸுக்கு எதுவுமே புரியாது. உடனே 'பார்மட் செய்யலாமா?' என்று கேட்டுவிடும். ஆனால், அந்தப் பக்கத்தின் நகல் ஒன்று அதே பகுதியின் கடைசி மூலையிலும் இருக்கும். பார்த்தால், முன்பக்கம் கெட்டிருந்தது, பின்பக்கம் நன்றாக இருந்தது. பின்பக்கத்தை எடுத்து முன்னால் வைத்தார்.

டிரைவ் திறந்தது. பையன் கைதட்டினான். அண்ணன் தட்டவில்லை.

"முதல்ல கண்ணுக்குத் தெரியறதை எல்லாம் வேற டிஸ்க்குக்கு மாத்துவோம்."

மாற்றினார்கள். முகூர்த்தம் இருந்தது. பந்தி இருந்தது. வரவேற்பு ஃபோல்டர் இருந்தது; உள்ளே காலி.

இப்போதுதான் அண்ணன் செக்டிஸ்க்கைக் கூப்பிட்டார். முதலில் வெறும் செக்டிஸ்க். அப்படிக் கொடுத்தால் அது எதையும் திருத்தாது, பார்த்துச் சொல்ல மட்டும் செய்யும். பிழைகள் இருப்பதாகச் சொன்னது. பிறகு ஸ்லாஷ் எஃப். அதே கட்டளை, 2012-ல் காதுகுத்துப் படங்களைத் தின்ற அதே கணக்கப்பிள்ளை. ஆனால் இப்போது அவர் தப்பு செய்தாலும் பயமில்லை. அசல் பெட்டிக்குள் இருக்கிறது.

திரையில் வரிகள் ஓடின. 'அநாதைக் கோப்பு மீட்கப்படுகிறது... அநாதைக் கோப்பு மீட்கப்படுகிறது...' தாய் ஃபோல்டரோடு தொடர்பு அறுந்துபோன கோப்புகளுக்கு அந்த மென்பொருள் வைத்திருக்கும் பெயரே அதுதான். ஒவ்வொன்றும் தன் பெயரோடு வரவேற்பு ஃபோல்டருக்குத் திரும்பியது.

பாதிப் படம்

அப்பத்தா கிடைத்தார். ஆனால் முழுதாக இல்லை.

நெற்றி, சுருக்கம் விழுந்த கன்னம், மூக்குத்தி, பொக்கை வாய், அந்தச் சிரிப்பு எல்லாம் அப்படியே. கழுத்துக்குக் கீழே ஒரு கோடு. அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். படிக்க முடியாமல் போன அந்தத் துளியில் கொஞ்சம், சரியாக இந்தப் படத்தின் நடுவில் விழுந்திருந்தது. ஜேபெக் படங்கள் மேலிருந்து கீழாக அவிழ்பவை. நடுவில் ஒரு கண்ணி அறுந்தால் அதற்குக் கீழே உள்ளது வராது.

அண்ணன் விடவில்லை. ஃபோட்டோரெக் என்ற மென்பொருளையும் நகலில் ஓட்டினார். அது பேரேட்டையே பார்க்காது. குடோனுக்குள் நேராகப் போய், 'இது படம் மாதிரி ஆரம்பிக்கிறதே' என்று மூட்டை மூட்டையாக மோந்து பார்க்கும். ஆயிரக்கணக்கில் பெயரில்லாப் படங்களைக் கொண்டுவந்து கொட்டியது. ஸ்டூடியோக்காரர் படத்துக்குள்ளேயே பதிவாகியிருக்கும் தேதியையும் நேரத்தையும் வைத்து வரிசைப்படுத்தி, மதியம் வரை தேடினார். அந்தச் சிரிப்புக்கு முந்தைய படம் இருந்தது. அதில் கிழவி வாயைப் பொத்தியிருந்தாள். அடுத்த படம் இருந்தது. அதில் முகத்தை மூடிவிட்டாள். சிரிப்பு ஒன்றே ஒன்றுதான். அதுவும் கழுத்து வரைதான்.

மாலையில் மண்டிக்காரர் வந்தார். வெட்டித் திருத்திக் காட்டலாம், கீழே ஒன்றுமே இல்லாததுபோல. ஸ்டூடியோக்காரர் அப்படிச் செய்யவில்லை. கிடைத்தபடியே, சாம்பலோடு, திரையில் வைத்தார்.

"இவ்வளவுதாங்கய்யா வந்துச்சு. முகம் முழுசா இருக்கு. கை வரலை."

மண்டிக்காரர் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பேத்தியின் கையைப் பிடித்திருந்த அந்தக் கை இருக்க வேண்டிய இடத்தில் விரலை வைத்தார்.

"கை எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும் தம்பி. முகம் போதும்."

பதினாறாம் நாள் காரியத்தில் அந்தச் சிரிப்பு சந்தன மாலையோடு இருந்தது. வந்தவர்கள் எல்லாரும் ஒரு கணம் நின்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனார்கள்.

சீட்டு ஒட்டிய டிஸ்க்

'இதில் எழுதாதே' சீட்டு ஒட்டிய அந்தப் பழைய டிஸ்க் இப்போது ஸ்டூடியோவின் மேஜைமேல் கண்ணில் படும்படி இருக்கிறது. யு.பி.எஸ்.ஸுக்குப் புது பேட்டரி வந்துவிட்டது. இன்னொரு வழக்கமும் வந்திருக்கிறது. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரப்பிய ஒரு கணக்கு, 3-2-1. எந்தப் படத்துக்கும் மூன்று பிரதி, இரண்டு வேறு வகை இடங்களில், அதில் ஒன்று வேறொரு கட்டடத்தில். அதன்படி ஒரு டிஸ்க் ஸ்டூடியோவில், இன்னொன்று வீட்டுப் பீரோவில், வாடிக்கையாளர் படத்தை வாங்கிப் போகும்வரை கேமராவின் கார்டும் அழிக்கப்படுவதில்லை. இரண்டு கார்டுகள் கூடுதலாக வாங்க வேண்டியிருந்தது. அந்தச் செலவு இப்போது அவருக்குச் செலவாகத் தெரியவில்லை.

பையனுக்கு அண்ணன் சொன்னது வேறு. "உன் லேப்டாப்புல இருக்கிறது எஸ்.எஸ்.டி. அதுல அழிச்ச இடத்தை அதுவே பின்னாடி சுத்தமாத் துடைச்சிடும். இந்த டிஸ்க்குல தேடின மாதிரி அதுல தேட முடியாது. அதனால பார்மட்டுன்னு கேட்டா, முதல்ல கையை எடு. ரெண்டாவது, நகல் எடு. மூணாவதுதான் ரிப்பேர்."

கல்யாண ஆல்பம் தயாரானதும் மண்டிக்காரர் ஸ்டூடியோவுக்கு வந்தார். மீதிப் பணத்தை எண்ணி வைத்தார். குறைக்கச் சொல்லவில்லை, ஸ்டூடியோக்காரர்தான் பாதியைத் திருப்பிக் கொடுத்தார். கொஞ்ச நேரம் இருவரும் அதைத் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டிருந்தார்கள். படியிறங்கப் போனவர் திரும்பி வந்தார்.

"தம்பி, படம் எல்லாத்தையும் பென் டிரைவ்ல போட்டுக் குடு. ஒண்ணு பத்தாது, ரெண்டு குடு. ஒண்ணு மண்டி அலமாரியில இருக்கட்டும். இன்னொண்ணு மக வீட்டுல இருக்கட்டும்."